வாடகைக்கு விட எந்த வீடு? கையில் 70 லட்சம், பட்டியலில் நான்கு வழிகள்

பாபநாசம் பக்கத்துப் பூர்வீக நிலத்தை விற்றதில் என் சித்தி மகன் பங்குக்கு 70 லட்சம் வந்தது. பணம் வங்கியில் விழுந்த நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை ஒசூரிலிருந்து போன் செய்கிறான். “அண்ணே, வாடகை வர்ற மாதிரி ஒரு வீடு வாங்கிப் போட்டுடலாமா?”

அந்த ‘வாங்கிப் போடுவது’தான் எனக்கு உறுத்துகிறது. மனையை வாங்கிப் போடலாம், நகையை வாங்கிப் போடலாம். வாடகை வீடு போட்ட இடத்தில் சும்மா கிடக்காது. மோட்டார் எரியும், பாத்ரூம் ஒழுகும், குடியிருப்பவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி அடுத்த மாதமே சாவியைக் கொடுத்துவிடுவார். வாடகை வீடு வாங்குகிறவர் கூடவே ஒரு வேலையையும் வாங்குகிறார். அந்த வேலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் அவன் பட்டியலை எடை போட்டேன்.

பட்டியலில் நான்கு இருந்தன. சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் புது ஃப்ளாட். நங்கநல்லூரில் முப்பது வருடப் பழைய ஃப்ளாட்டை வாங்கிச் சரிசெய்து விடுவது. தாம்பரத்துக்கு மேற்கே அரை கிரவுண்டு மனை வாங்கி நான்கு போர்ஷன் கட்டுவது. திருப்பூரில் விலைக்கு வந்திருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய எட்டு லைன் வீடுகள். கீழே வரும் விலையும் வாடகையும் நாங்கள் இருவரும் நேரில் விசாரித்தவை. தெருவுக்குத் தெரு மாறும். கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

புது ஃப்ளாட்

சொன்ன விலை 70 லட்சம், 1,000 சதுர அடி. இதில் ஆள் நடக்கிற கார்பெட் ஏரியா 700 சதுர அடிக்குப் பக்கம். 2016ஆம் ஆண்டு வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் வந்த பிறகு கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஆனாலும் பேச்சில் இன்னும் பெரிய எண்தான் முதலில் வருகிறது.

70 லட்சத்தோடு நிற்காது. கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்பதால் 5 சதவீத ஜி.எஸ்.டி., மூன்றரை லட்சம். பணி நிறைவுச் சான்று வாங்கிவிட்ட வீட்டுக்கு இந்த வரி கிடையாது. 2023 டிசம்பரிலிருந்து புது ஃப்ளாட்டை நிலப் பங்கும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பில் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. நமக்கு 7 சதவீதம், 4.9 லட்சம். கப்போர்டு, கிரில், ஃபேன், கீசர் என்று இன்னொரு மூன்றரை. ஆக 82 லட்சம்.

வாடகை 22,000 வரும் என்கிறார்கள். வருடத்துக்கு 2.64 லட்சம். ஒரு மாதம் காலியாகவோ புரோக்கருக்கோ போகும் என்று 22,000, சொத்து வரி 6,000, சில்லறை ரிப்பேர் 10,000 கழித்தால் 2.26 லட்சம். போட்ட பணத்துக்கு 2.75 சதவீதம். வங்கி டெபாசிட்டில் ஆறு, ஆறரை கிடைக்கிற காலத்தில் இது.

விற்பனைப் பையன் இன்னொரு யோசனையும் சொன்னான். மொத்தப் பணத்தையும் ஒரே வீட்டில் போடாமல் இரண்டு ஃப்ளாட்டுக்கு முன்பணமாகப் பிரித்து, மீதிக்குக் கடன் வாங்கினால் “வாடகையே தவணையைக் கட்டிவிடும்” என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 லட்சத்திலிருந்து 75 லட்சம் வரையான கடனுக்கு வங்கி மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவ்வளவும் வாங்கினால் வீட்டுக்கு 56 லட்சம் கடன். 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 46,800. இரண்டு வீட்டுக்கு 93,600. வாடகை இரண்டும் சேர்ந்து 44,000. மீதி 50,000 மாதாமாதம் தம்பி சம்பளத்திலிருந்து போகும், அதுவும் இரண்டு வீட்டிலும் ஆள் இருக்கிற மாதத்தில்.

“வரி மிச்சமாகுமே அண்ணே?” என்றான் தம்பி. பழைய வரி முறையில் இருந்தால், வாடகைக் கணக்கில் வரும் நஷ்டத்தில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். அவன் புதிய முறைக்கு மாறிவிட்டான். அதில் வட்டியை வாடகை வருமானத்தில் மட்டும்தான் கழிக்க முடியும், நஷ்டம் சம்பளப் பக்கம் தாண்டாது. வாடகையில் 30 சதவீதம் நிலைக் கழிவு உண்டு, அது இரண்டு முறையிலும் உண்டு. ரிப்பேருக்கு ரசீது வைத்திருந்தாலும் வைத்திருக்காவிட்டாலும் அவ்வளவுதான்.

புது அடுக்குமாடியில் நான் பயப்படுவது வேறு ஒன்று. என் மைத்துனர் இப்படி ஒரு வீடு வாங்கினார். 400 வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே காலாண்டில் சாவி. வாங்கியவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு விடுவதற்காகவே வாங்கியவர்கள். அதே மாதம் அதே பிளானில் அதே பால்கனியோடு நூறு விளம்பரம். அவர் 20,000 கேட்டால் மேல்மாடிக்காரர் 18,500க்குத் தருகிறார். உங்கள் வீடு பக்கத்து வீட்டிலிருந்து எதிலும் வேறுபடாதபோது வாடகையை நீங்கள் முடிவு செய்ய முடியாது. அதோடு தண்ணீர். கடலோரம் என்பதால் அந்தப் பகுதியில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீர்ச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். ஆள் இருந்தால் அதை அவர் கட்டுவார், காலியாக இருந்தால் நீங்கள்.

நல்லது இல்லாமல் இல்லை. லிஃப்ட், செக்யூரிட்டி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். கட்டமைப்புக் குறைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் பில்டர் பொறுப்பு என்று ரெரா சொல்கிறது. வெளியூரில் இருப்பவருக்குத் தலைவலி மிகக் குறைவான வீடு இதுதான். அந்த நிம்மதிக்கு விலையாகத்தான் வருமானத்தில் ஒரு பகுதி போகிறது.

பழைய ஃப்ளாட்

2018இல் நானே நங்கநல்லூரில் ஒன்று வாங்கினேன். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பார்த்த வீடு முதல் மாடி, 850 சதுர அடி, 56 லட்சம். கைமாறும் பழைய ஃப்ளாட்டுக்குப் பதிவுச் செலவு 9 சதவீதம் (முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2), 5.04 லட்சம். ஜி.எஸ்.டி. இல்லை. புரோக்கருக்கு 56,000. ரிப்பேருக்கு நான்கரை லட்சம். கூட்டினால் 66.1 லட்சம். கடன் தேவையில்லை, கையில் நான்கு லட்சம் மிச்சம். வாடகை 20,000 என்றால் வருடம் 2.4 லட்சம். அரை மாத வாடகை, வரி, பழைய வீடு என்பதால் கொஞ்சம் கூடுதல் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 30,000 கழித்தால் 2.1 லட்சம், 3.2 சதவீதம்.

புது வீட்டைவிட அரை சதவீதம்தான் அதிகம். ஆனால் வாங்குவது எதை என்று பாருங்கள். இந்தப் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 850 சதுர அடி வீட்டுக்கு 480 சதுர அடி பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது யூ.டி.எஸ்., இருக்கிறது. ஓ.எம்.ஆர். உயர்மாடியில் 1,000 சதுர அடிக்கு 330 சொன்னார்கள். கட்டடம் வருடா வருடம் தேயும், மண்தான் விலை ஏறும். நங்கநல்லூர் மண்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் சாதாரணக் கட்டடங்களுக்கு மனைப் பரப்பில் ஒன்றரை மடங்குதான் கட்ட அனுமதி. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை இரண்டு மடங்காக்கின. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட பில்டர்கள் கதவைத் தட்டுவதற்கு இதுதான் பெரிய காரணம். முன்பெல்லாம் ஒரே ஒருவர் ‘முடியாது’ என்று உட்கார்ந்துகொண்டால் எல்லாம் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் இதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். எங்கள் கட்டடத்தில் ஐந்து வருடமாகக் கூட்டம் போடுகிறோம், இன்னும் டீயும் போண்டாவும்தான் முடிவாகியிருக்கிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். அவர் பார்க்க மறக்கிற ஒன்று: கட்டடத்தில் உள்ள எல்லாருடைய யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினால் மனைப் பரப்பு சரியாக வருகிறதா? வரவில்லை என்றால் யாரோ ஒருவருக்கு மண் இல்லை, அது நீங்களாக இருக்கலாம். அடுத்து, அனுமதி வரைபடத்தில் அந்த வீடு இருக்கிறதா? வரைபடத்தில் கார் நிறுத்தும் இடம், நிஜத்தில் ஒரு படுக்கையறை வீடு என்பது சென்னையில் சகஜம். விலை குறைவாக வரும் மொட்டைமாடி வீடுகளும் அப்படித்தான். வங்கி அதற்குக் கடன் தராது, நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருபவருக்கும் தராது.

பிறகு கூரையைப் பாருங்கள். சீலிங்கில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி பழுப்பாகத் தெரிந்தால், அல்லது அங்கங்கே புதிதாகப் பூசி பெயிண்ட் அடித்திருந்தால், ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப்போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி துருப்பிடித்த கூரையை உங்கள் ரிப்பேர் பட்ஜெட்டால் காப்பாற்ற முடியாது. அது மொத்தக் கட்டடத்தின் நோய்.

இனி அந்த நான்கரை லட்சம். இரண்டு பாத்ரூமும் பைப் லைனும் 2.2 லட்சம், வயரிங் 90,000, சமையலறை 50,000, பெயிண்ட் 70,000, சில்லறை 20,000. பாதிப் பணம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது என்று பலருக்கும் வருத்தம் வரும். எனக்கும் வந்தது. என் வீட்டில் ஒரு கான்ட்ராக்டர் பைப்பைத் தொடாமல், நீர் ஊறிய சுவரின் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. ஏழாவது மாதம் கீழ்வீட்டுப் பெரியவர் குடையோடு என் வீட்டு வாசலில் நின்றார். அவர் பாத்ரூமுக்குக் குடை பிடித்துக்கொண்டுதான் போகிறாராம். டைல்ஸ் முழுவதும் உடைத்து, பழைய ஜி.ஐ. இரும்புப் பைப்பை எடுத்து சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டு, நீர்ப்புகாப் பூச்சு பூசி, தண்ணீர் தேக்கி இரண்டு நாள் பார்த்து, மறுபடி டைல்ஸ். முதலிலேயே செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல ஒன்றரை மடங்கு.

மொசைக் தரை இருந்தால் உடைக்காதீர்கள், பாலிஷ் போடுங்கள். அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், அந்தத் தச்சுக் கூலியே ஒரு கணக்கு வரும். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் எதுவும் வாடகை வீட்டுக்கு வேண்டாம். அதற்காக 500 ரூபாய் கூடக் கொடுக்கிறவரை நான் பார்த்ததில்லை. கூடக் கொடுப்பது எதற்கு என்றால்: இரண்டாவது கழிவறை, இரண்டு ஏ.சி. தாங்கும் வயரிங், வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் இணைப்பு, மழைக்காலத்தில் துணி காயப்போட இடம், வண்டி நிறுத்த இடம். எல்லாவற்றுக்கும் மேலே, மே மாதத்திலும் குழாயில் தண்ணீர்.

நான்கு போர்ஷன்

எங்கள் அப்பா 1990களில் முடிச்சூரில் கட்டிய போர்ஷன் வீட்டு வாடகையில்தான் நான் படித்தேன். அதனால் இதில் எனக்குப் பாசம் உண்டு, பயமும் உண்டு.

1,200 சதுர அடி மனை 36 லட்சம், பதிவு 3.24 லட்சம். கீழே இரண்டு, மேலே இரண்டு, ஒவ்வொன்றும் 450 சதுர அடி. சதுர அடிக்கு 2,400 என்று மேஸ்திரி சொல்கிறார், 43.2 லட்சம். பிளான் அப்ரூவல், போர், சம்ப், நான்கு மின் இணைப்பு, செப்டிக் டேங்க் என்று 5 லட்சம். மொத்தம் 87.4. கையில் இருப்பதைவிடப் பதினேழு லட்சம் கூட. வாடகை தலா 8,500, மாதம் 34,000. வருடம் 4.08 லட்சத்தில் ஒரு மாதம் காலி, வரி, மோட்டார், கழிவுநீர் லாரி எல்லாம் சேர்த்து 78,000 கழித்தால் 3.3 லட்சம். 3.8 சதவீதம், முழு மண்ணும் உங்களுடையது.

இதில் இன்னொரு லாபம், ஒரு போர்ஷன் காலியானால் மற்ற மூன்றிலிருந்து பணம் வந்துகொண்டே இருக்கும். ஃப்ளாட் காலியானால் அந்த மாதம் சுழியம்.

பயம் தண்ணீரில்தான். முன்னிரண்டு வழிகளில் தண்ணீர் போதவில்லை என்று கவலை, இங்கே வந்துவிடுமோ என்று. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கீழ்த்தளங்கள் மூழ்கின. எங்கள் இரண்டு கீழ் போர்ஷன்களும்தான். குடியிருந்தவர்கள் போனார்கள், மூன்று மாதம் யாரும் வரவில்லை, பிறகு வந்தவர்களும் “இங்கே எவ்வளவு தண்ணி வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் வாடகை பேசினார்கள். மனை பார்க்கப் போகிறவர் ஜனவரியில் போகாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் பெரிய மழைக்கு மறுநாள் போங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தெருவை விட்டு இரண்டடி உயர்த்திக் கட்டச் செலவாகும், அதைக் கணக்கில் சேருங்கள்.

கட்டும்போது ஒன்றே ஒன்றில் கஞ்சத்தனம் வேண்டாம்: நான்கு போர்ஷனுக்கும் தனித்தனி இ.பி. மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் என்று அரசு இலவசமாகத் தருகிறது. ஒரே மீட்டரில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்கள் வசூலித்தால் அந்த இலவசம் குடியிருப்பவருக்குப் போய்ச் சேராது. மோட்டார் ஓடும் கரண்டை யார் தலையில் கட்டுவது என்ற சண்டை ஒருபோதும் தீராது. எங்கள் அப்பா இருபது வருடம் அந்தச் சண்டையில் நடுவராக இருந்தார்.

பணம் போதாதவர்கள் இரண்டு போர்ஷனை ஒத்திக்கு விடுவதுண்டு. சென்னையில் ‘லீஸ்’ என்பார்கள். மொத்தமாக ஐந்தாறு லட்சம் வாங்கிக்கொள்வது, வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுத் தொகையும் திருப்ப வேண்டும். வட்டியில்லாக் கடன்போலத் தோன்றும். ஒத்திப் பணத்தில் மாடி கட்டியவர், திருப்பித் தர அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைவதையும் பார்த்திருக்கிறேன்.

லைன் வீடு

திருப்பூர் கணக்குதான் காகிதத்தில் மிக அழகு. 60 லட்சம், பதிவு 5.4, ரிப்பேர் 4, மொத்தம் 69.4. எட்டு வீடு, தலா 4,500. வருடம் 4.32 லட்சத்தில் இரண்டு மாதம் காலி, பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம், ரிப்பேர், வரி போக 2.9 லட்சம். 4.2 சதவீதம்.

காலிக்கு இரண்டு மாதம் ஏன் என்றால், அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் பனியன் கம்பெனித் தொழிலாளிகள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஊருக்குப் போனால் திரும்புவது ஆர்டரைப் பொறுத்தது. 2020 ஊரடங்கில் லைன் லைனாகக் காலியானது நினைவிருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அங்கே லைன் வீடு வைத்திருக்கும் என் கல்லூரி நண்பன், பங்குச்சந்தை பார்க்கிறவனைப்போல செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வீடு இருந்தாலும் எட்டுக்கும் ஒரே தொழில்தான் படியளக்கிறது.

அவன் வெற்றிகரமாக நடத்துகிறான், மறுக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் போடுகிற ஊர், அதனால் மாத வாடகையை நான்காகப் பிரித்துச் சனி இரவு நேரில் போய் வாங்குகிறான். யார் வேலை மாறினார்கள், யார் வீட்டில் ஆள் கூடியிருக்கிறது, எந்தப் பொதுக் கழிவறையில் தாழ்ப்பாள் போயிருக்கிறது எல்லாம் அவனுக்குத் தெரியும். அது ஒரு தொழில். ஒசூரிலிருந்து போனில் நடத்தினால், நடத்தும் ஆளுக்குத்தான் லாபம்.

குடிவைப்பது

எந்த வீடாக இருந்தாலும் இது பொது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் வாடகைக்குப் புதிய சட்டம், 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையின் பழைய ‘பத்து மாச அட்வான்ஸ்’ இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறாக இறங்கியிருக்கிறது. வாடகை பாக்கி என்றால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தும் பழைய வித்தைக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு. பதிவு செய்வது வேலைதான், ஆனால் தகராறு என்று வரும்போது அந்தப் பதிவு எண் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நிறைய வித்தியாசம்.

‘வெஜிடேரியன் மட்டும்’, ‘குடும்பம் மட்டும்’, இன்ன ஆட்கள் மட்டும் என்று போர்டு மாட்டுகிறவர்கள்தான் வீடு காலியாகக் கிடக்கிறது என்று அதிகம் புலம்புகிறார்கள். என் நங்கநல்லூர் வீட்டில் நான்கு வருடமாக மூன்று நர்ஸுகள் இருக்கிறார்கள். சங்கத்தில் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். ஒரு மாதமும் வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளூர் உரிமையாளருக்கு மாத வாடகை 50,000 தாண்டினால்தான் குடியிருப்பவர் வரி பிடிக்க வேண்டும். உரிமையாளர் என்.ஆர்.ஐ. என்றால் அந்த வரம்பு இல்லை, முதல் ரூபாயிலிருந்தே பிடித்துக் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள். முன்கூட்டியே சொல்லி, அந்த வேலையைச் செய்ய ஒரு ஆடிட்டரையும் நீங்களே ஏற்பாடு செய்து கொடுங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது

ஒசூரிலிருந்து ஓ.எம்.ஆரை நடத்தலாம், ஆனால் 2.75 சதவீதத்துக்கு அவ்வளவு பணத்தை அங்கே கட்டிப்போட மனம் வரவில்லை. சொந்தமாகக் குடிபோகும் எண்ணம் இருந்தால் பேச்சு வேறு, அவனுக்கு அது இல்லை. லைன் வீடு வேண்டவே வேண்டாம். போர்ஷன், கட்டி முடிக்கும்வரை மேஸ்திரியோடு தினமும் நிற்க ஆள் வேண்டும், அவனுக்கு லீவு இல்லை, எனக்கு முழங்கால் இல்லை.

மிஞ்சுவது நங்கநல்லூர். அதுவும் நான் ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன், இரண்டு கிலோமீட்டர், என் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் கூப்பிட்டால் வருவார்கள் என்பதால் மட்டும்தான். “மாசம் ஆயிரம் ரூபாய் எனக்குன்னு எழுதி வை” என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சொந்தக்காரர் சும்மா பார்த்துக்கொள்வார் என்று நம்பி வாங்கிய வீடுகளில்தான் முதலில் வாடகை நிற்கும், பிறகு பேச்சு நிற்கும். அந்த ஆயிரத்தைக் கழித்தால் வருமானம் 3 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு வயது 58 என்பதையும் அவன் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான்கு ஊர்ப் பெயரில் அவன் இருக்கும் ஊர் இல்லை. ஐம்பது வருடமாக சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் ஊர், பெங்களூரு கூப்பிடு தூரம், தெருவுக்குத் தெரு கம்பெனி பஸ் நிற்கிறது. அவனே அங்கே ஒன்பது வருடமாக வாடகை கொடுத்துக் குடியிருக்கிறான், வருடா வருடம் ஏற்றுகிறார்கள் என்று என்னிடமே புலம்பியிருக்கிறான். கேட்டேன். “இங்கெல்லாம் எதுக்குண்ணே, நம்ம ஊரா இது?” என்றான். வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு நம்ம ஊர் என்பது நாம் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய ஊர்தான் என்றேன். புரோக்கரிடம் போகாதே, இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால் போடுகிறவரிடமும் போ, எந்த வீடு எத்தனை மாதமாகக் காலி என்று அவர்களுக்குத்தான் தெரியும் என்றும் சொன்னேன்.

போன ஞாயிறு இரவு போன் வந்தது. “அண்ணே, பாகலூர் ரோட்டுப் பக்கம் இஸ்திரிக்காரர்கிட்டப் பேசினேன். அந்தத் தெருவுல ஆறு வீடு வாடகைக்கு இருக்கு. நாலு சும்மாவே கிடக்கு. ரெண்டு மட்டும் காலியாகுறதுக்கு முன்னாடியே ஆள் வந்துடுதாம்.”

“அந்த ரெண்டுல அப்படி என்ன?”

“தண்ணிதான்ணே. நாளைக்கு ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அந்த ஓனரைப் பார்க்கப் போறேன்.”